காசு கட்டினால் கணக்குத் தீர்ந்ததா?



மார்கழி, தை மாதங்களில் நம் மலையில் உறைபனி விழும்போது எந்த வீட்டிலும் முதல் எண்ணம் சூட்டைப் பற்றியதே. காந்தல் பள்ளத்திலும் தலைகுந்தா புல்வெளியிலும் விடியற்காலையில் வெள்ளை விரித்தாற்போலக் கிடக்கும் பனியைப் பார்த்தபின், வெந்நீருக்குச் சுவிட்சைப் போடாதவர் யார்? சளி பிடித்த குழந்தையும் மூட்டுவலிக் கிழவரும் உள்ள வீட்டில் கதகதப்பு ஆடம்பரம் அல்ல, அது சோற்றைப்போல் ஒரு தேவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிரில் நடுங்குவதே புண்ணியம் என்று சாமி எழுதியிருக்கிறார் என எவரும் பேசிக்கொள்ள வேண்டாம்.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. விளக்கை அணைப்பது, வெந்நீரை அளந்து எடுப்பது, சூடு ஓடிப்போகாதபடி கூரையையும் கதவையும் சீர்செய்வது ஆகிய இவையெல்லாம் சிக்கனத்தைச் சேர்ந்த காரியங்களா, மனச்சாட்சியைச் சேர்ந்த காரியங்களா? சிக்கனம் என்றால் அவரவர் இஷ்டம். மனச்சாட்சி என்றால் கடமை. நம் பங்கில் வசதியுள்ள ஒரு குடும்பஸ்தர் இதை என்னிடம் நேராகவே கேட்டார். "சாமி, கரண்டு பில்லை ஒரு நாள் பிந்தாமல் கட்டுகிறேன். என் காசு, என் கரண்டு. இதில் பாவம் எங்கே வந்தது?" அவர் திருடவில்லை, மீட்டரைத் திருத்தவில்லை, யாரையும் ஏய்க்கவில்லை. ஆகையால் கேள்வி நியாயமானது. அதற்கு மறுமொழி சொல்ல, இந்த மலையில் அடுப்பு எரிந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் ஒரு வீடும், பிறகு உதகையில் 1822-இல் தொடங்கிய கல் பங்களாவும் கட்டினார். கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. அவருக்குப் பின்னால் துரைமார்கள் கூட்டமாய் வந்தார்கள். சமவெளியின் வெக்கைக்குத் தப்பிக் குளிர்ச்சியைத் தேடி மலையேறியவர்கள், வந்து சேர்ந்ததும் குளிருக்கு அறைக்கு அறை கணப்பு மூட்டினார்கள்! மனுஷ சுபாவம் அப்படி. கணப்புக்கு விறகு வேண்டும். உதகையைச் சுற்றியிருந்த சோலைக்காடுகளை வெட்டினார்கள். சோலை மரமோ மெல்ல வளர்வது. வெட்டிய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. விறகுப் பஞ்சம் வந்தது. வெலிங்டனில் பட்டாளமும் வந்து தங்கியதும் பஞ்சம் இன்னும் முற்றியது.

அதற்கு மருந்தாக ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாய் வளரும் மரங்களைக் கொண்டுவந்தார்கள். கற்பூர மரம் 1843-இல் வந்தது. அதை ஒட்டிச் சீகை மரமும் வந்தது. இரண்டையும் எங்கே நட்டார்கள்? புல்வெளிகளில். வெறுமனே கிடக்கும் நிலம் என்று எண்ணினார்கள். ஆனால் அந்தப் புல்வெளி தோடரின் எருமைகளுக்கு மேய்ச்சல். மழைத் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து, கோடையில் சொட்டுச் சொட்டாய் ஓடைக்கு விடும் கஜானாவும் அதுவே. இன்று சீகை தானாகவே பரவி, அகற்ற ஆள் போதாமல் நிற்பதை நீங்களே பார்க்கிறீர்கள். நம் கண்ணுக்கு இயற்கையாய்த் தோன்றும் மலைக் காட்சியில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் வீட்டுக் கணப்புக்காக மாற்றப்பட்டது.

இதை வெறும் அபிப்பிராயமாய்ச் சொல்லவில்லை. உதகையிலுள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நீர்ப்பிடிப் பள்ளங்களை எடுத்துக்கொண்டு பல வருஷம் அளந்தார்கள். ஒன்றைப் புல்வெளியாய் இருந்தபடியே விட்டார்கள். மற்றொன்றில் பாதிக்கு மேல் 1972-இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருஷத்தில், மரம் நட்ட பள்ளத்திலிருந்து வழிந்து வரும் நீர் நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 பங்காயிற்று.

கிளென்மார்கன் என்ற பெயரைக் கேட்டதும் மின்வாரியத்தில் வேலை செய்யும் நம் பங்கு மக்கள் தலையை நிமிர்த்துவார்கள். பைக்காரா நீரை அங்கே தேக்கி, 3,000 அடிக்கு மேல் குழாயில் இறக்கித்தான் சிங்காரா மின்நிலையம் 1932 முதல் ஓடுகிறது. ஆக, வீட்டைச் சூடாக்க நட்ட மரம், வீட்டுக்கு வெளிச்சம் தரும் தண்ணீரைக் குடித்துவிட்டது. கணப்பு மூட்டிய துரைமார் விறகுக்குக் காசு கொடுத்தார்கள், கடன் வைக்கவில்லை. ஆனால் விறகுக்காரனுக்குக் கொடுத்த காசில் புல்வெளியின் விலை சேரவில்லை, எருமை மேய்ச்சல் இழந்த தோடரின் பங்கு சேரவில்லை, நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு ஓடை வற்றி நிற்கும் நம்முடைய பங்கும் சேரவில்லை.

"அது பழைய கதை, இப்போது கரண்டுதானே" என்பீர்கள். நம் மலைத் தண்ணீரில் பிறக்கும் மின்சாரம் இந்த ராஜ்யம் முழுவதற்கும் எப்படிப் போதும்? மீதியில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் கரி எரிய வேண்டும். எல்லாம் ஒரே கம்பி வலைக்குள் கலந்து ஓடுவதால், என் அறைக்கு வருவது பைக்காரா நீரா, கரியா என்று பிரிக்க முடியாது. எரிந்த கரியின் சாம்பல் எங்கேயோ கொட்டப்பட்டாக வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்நிலையச் சாம்பல் படிந்து மீன்பாடு கெட்டுப்போனதென்று அங்குள்ள மீனவர்கள் பல வருஷங்களாய் முறையிட்டு வருகிறார்கள். கரிப்புகை வானத்தில் சேர்ந்து பூமி முழுவதையும் சூடாக்குவது தனி. 2009 நவம்பரில் நம் மலையில் பெருமழையால் மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டதையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் நாம் மறக்கவில்லை. இன்ன மழை இன்ன புகையால் வந்தது என்று ஒரு பாதிரியார் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காற்று சூடேறினால் அது கூடுதல் நீராவியைச் சுமக்கும், சுமந்ததை ஒருநாள் மொத்தமாய்க் கொட்டும் என்பது பள்ளிக்கூடத்துச் சாஸ்திரம்.

ஆகையால் என் நண்பருக்கு என் மறுமொழி இது. பில்லில் அச்சாகும் தொகை ஒன்று; பில்லில் ஏறாத விலை மற்றொன்று. முதலாவதை நீங்கள் கட்டிவிட்டீர்கள். இரண்டாவதை உங்களுக்காக வேறு ஒருவன் கட்டுகிறான், அவனைக் கேட்காமலே. அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் சொத்துரிமையை மறுத்தவர் அல்ல. மனிதன் பொருளைத் தன்னுடையதாய் வைத்துக் காக்கலாம் என்றே போதித்தார். ஆனால் அதைப் பயன்படுத்தும் விஷயத்தில், எல்லாருக்கும் பொதுவானதாகப் பாவித்து, இல்லாதவனுக்குக் கொடுக்கத் தயாராய் இருக்க வேண்டும் என்றும் கூடவே சொன்னார். "என் காசு" என்பது மெய். "ஆகையால் என் இஷ்டம்" என்பது அதிலிருந்து வருகிற முடிவு அல்ல. காலஞ்சென்ற பாப்பானவர் பிரான்சிஸ் 2015-இல் சிருஷ்டியைப் பற்றி எழுதிய நிருபத்தில், செலவழிக்க வசதியிருந்தும் அறையைச் சூடாக்குவதைக் குறைத்துக் கம்பளி உடுத்துகிறவனைப் பாராட்டிப் பேசுகிறார். தமிழ்நாட்டில் மற்றப் பங்குகளில் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நமக்கோ நேராய் எழுதினதுபோல் இருக்கிறது.

இவ்வளவு சொன்னபிறகும் விஷயம் முடியவில்லை. கடமை உண்டு என்றால், அது யாருக்கு எவ்வளவு?

சென்ற மாதம் மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பூசைக்குப் பின் பேசிக்கொண்டிருந்தபோது, தோட்டத்து லைனிலிருந்து வந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "சாமி, எங்க லைன்லே வீட்டுக்கு ரெண்டு பல்பு. ஒண்ணு அடுப்படியிலே, ஒண்ணு படுக்கிற எடத்திலே. இதிலே எதை அணைக்கச் சொல்றீங்க?"

சிலர் சிரித்தார்கள். நான் அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். 9 வாட் எல்.ஈ.டி. பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 2.7 யூனிட் ஆகும். பாட்டியின் இரண்டு பல்புக்கும் சேர்த்து 5.4 யூனிட். இப்போது 2,000 வாட் அறை ஹீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4 மணி நேரம் ஓயாமல் எரிந்தால் 8 யூனிட். விருந்தாளிக்காக ஒரு ராத்திரி ஹீட்டர் எரிவது, பாட்டி வீட்டு வெளிச்சம் முழுவதும் இரண்டு மாதம் எரிவதைக் காட்டிலும் அதிகம்! குளிக்கும் வெந்நீரைப் பாருங்கள். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த அரை யூனிட் வேண்டும். நாலு பேர் தினம் ஆளுக்கொரு வாளி என்றால் நாளைக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120. அரசாங்கம் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு என்று அறிவித்த இலவசம் 100 யூனிட். அது முழுவதும் குளியலறையிலேயே கரைந்துபோகிறது. வாளியை விட்டு ஷவருக்குப் போனால் எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை, கல்லூரிக்குப் போகும் உங்கள் பிள்ளைகள் போட்டுக் காட்டட்டும்.

ஆகவே எல்லாருக்கும் ஒரே உபதேசம் சொல்வது அநியாயம். வீணாக்க வழியே இல்லாதவனிடம் போய் வீணாக்காதே என்பது, பட்டினி கிடப்பவனுக்கு ஒருசந்தி கட்டளையிடுவதுபோல. திருச்சபை ஒருசந்திக் கட்டளையிலேயே நோயாளிக்கும் கடின உழைப்பாளிக்கும் விலக்கு வைத்திருக்கிறது. கடமை வசதியின் அளவுக்கு ஏறுகிறது. பாட்டிக்கு இந்த விஷயத்தில் கடமை குறைவு, உரிமைதான் அதிகம். அவர் வீட்டுக்குச் சூடு குறைவாய்ச் சேர்கிறது என்பதே அங்குள்ள குறை.

லைன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். கூரைத் தகரத்தில் இரவெல்லாம் வேர்த்து, விடியற்காலையில் படுக்கைமேல் சொட்டும். பல வீடுகளில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் விறகடுப்பு அணைவதில்லை. நகரத்திலிருந்து வருகிறவர்கள் இதை அறியாமை என்கிறார்கள். கேஸ் அடுப்பு சோறாக்கும், குளிர் காய வைக்காது. விறகடுப்பு இரண்டும் செய்யும். அந்த விறகுக்காகப் பெண்கள் காட்டெருமை நிற்கும் சீகைக் காட்டுக்குள் போகிறார்கள், அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள். ஆகவே அங்கே முதல் வேலை அடுப்பை மாற்றுவது அல்ல; தகரத்துக்கடியில் ஒரு மச்சு அடிப்பது. பலகையோ, மூங்கில் தட்டியோ, பிளைவுட்டோ எதுவாயினும் சரி. இடையில் நிற்கும் காற்றே போர்வை. பழைய பங்களாக்களில் பலகை மச்சு அடித்தது அழகுக்கு மட்டும் அல்ல. தோடர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய பழைய வீடு மூங்கிலும் பிரம்பும் வளைத்து, தரைவரை தடித்த புல் வேய்ந்தது. வாசல் தவழ்ந்து நுழையும் அளவே. உடம்புச் சூடும் அடுப்புச் சூடும் வெளியே போக வழியில்லை. இப்போது நம்மவர் கட்டுகிற வீடோ பள்ளத்தாக்கைப் பார்க்கச் சுவர் முழுதும் கண்ணாடி, மேலே ஒற்றைக் காங்கிரீட் தளம். காட்சி உள்ளே வருகிறது, சூடு வெளியே போகிறது. பிறகு ஹீட்டர் வாங்குகிறார்கள்.

வீடு கட்டப் போகிறவர்கள் இதையும் கவனியுங்கள். மார்கழியில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகிறது. ஆகையால் பெரிய ஜன்னல் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கட்டும். மழை அடிக்கும் திசை ஊருக்கு ஊர் மாறும். கூடலூர்ப் பக்கம் ஆடிமழை மேற்கிலிருந்து அடிக்கும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசிமழை கிழக்கிலிருந்து அடிக்கும். அதைப் பார்த்துச் சுவரைக் காப்பாற்றுங்கள். கட்டிமுடிந்த வீட்டுக்காரர்களுக்குத் தடித்த திரைச்சீலையும், கதவடியில் மணலோ மரத்தூளோ அடைத்த துணிச்சுருளும் உண்டு. செலவு சொற்பம். வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சோலார் கருவி வைக்கிறவர்கள், செப்புக்குழாய்த் தட்டு வகையில் உறைபனிக்கு நீர் உறைந்து குழாய் வெடிக்கலாம் என்பதையும், கண்ணாடிக் குழல் வகை மங்கின வெளிச்சத்திலும் ஓரளவு வேலை செய்யும் என்பதையும் விசாரித்து வாங்குங்கள். ஆடிமாத மூடுபனியில் இரண்டும் ஏமாற்றும். அதை விற்பவர் சொல்லமாட்டார்.

இங்கே ஓர் அபாயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சூடு போகாதபடி இடுக்கெல்லாம் அடைத்த அறைக்குள் கரியடுப்பையோ கணப்புச் சட்டியையோ வைத்துத் தூங்கினால், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். புகை தெரியாததால் பயமில்லை என்று எண்ணுகிறார்கள். கனிந்த கரிதான் அதிகப் பொல்லாதது. மலைக்கு வருகிற விருந்தாளிகள் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டுவதும் அப்படியே. நெருப்பு உள்ளே இருந்தால் மேலே ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும். தூங்கும்முன் சட்டி வெளியே போக வேண்டும். மீதியைக் கம்பளி பார்த்துக்கொள்ளும்.

"சீசன் காலத்தில் ஓட்டல்களும் விடுதிகளும் எரிப்பதற்கு முன்னால் என் ஒரு வாளி எம்மாத்திரம்?" என்று ஒருவர் கேட்கலாம். அளவில் பார்த்தால் சொற்பம்தான், மறைப்பானேன். ஆனால் ஓட்டல் முதலாளியின் பங்கு அதிகம் என்பதால் என் பங்கு இல்லாமல் போவதில்லை. அண்ணன் அதிகக் கடன் வைத்திருக்கிறான் என்று தம்பி தன் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியுமா? விடுதி நடத்துகிறவர்கள் நம் பங்கிலும் சிலர் இருக்கிறார்கள்; அவர்களுடன் தனியே பேசுவேன். கோயிலும் விலக்கல்ல. இந்த வருஷத் திருவிழாவில் சீரியல் விளக்குகள் சப்பரம் ஊர்வலம் முடிகிறவரை மட்டும் எரியும், விடியவிடிய அல்ல. குறை சொல்ல விரும்புகிறவர்கள் என்னிடமே வந்து சொல்லலாம்.

லைன் வீடுகளின் மச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிலாளிக்கு வசிக்கத்தக்க வீடு கொடுக்கும் கடமையை 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் மேல் வைத்தது. நீதியாய்க் கொடுக்க வேண்டியதை நாம் தர்மமாய்க் கொடுத்துவிட்டால், கடன்பட்டவன் தப்பித்துக்கொள்வான். ஆகையால் முதலில் நானும் பங்குப் பேரவையில் இருவரும் தோட்டத்து மானேஜரைப் பார்க்கப் போகிறோம். சாமான் செலவை அவர்கள் ஏற்பார்களா என்று கேட்போம். இல்லையென்றாலும், வேலை செய்ய அனுமதியாவது வாங்கிவருவோம். பனி அதுவரை காத்திராது. மிக மோசமாய்ச் சொட்டுகிற பத்து வீடுகளை வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்கெனவே பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் மூன்று வீடுகளுக்குப் புகைபோக்கியும் வேண்டும். 1980-களில் அரசாங்கத்தார் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்புகள் பல, குழாயில் கரி அடைத்து வீணாய்ப் போயின; ஆகையால் மாதம் ஒருமுறை குழாயைத் துப்புரவு செய்ய வாலிபர் சபையில் இரண்டு பேர் பொறுப்பெடுக்க வேண்டும்.

தச்சு வேலை தெரிந்தவர்கள் அடுத்த ஞாயிறு முதற்பூசை முடிந்தவுடன் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். வீட்டில் பழைய பிளைவுட், பலகை, பெட்டி மரம் கிடந்தால் கோயில் கொட்டகையில் போடுங்கள், செல்லரித்தது வேண்டாம். கோயிலில் ஏணி ஒன்று இருக்கிறது. இன்னொன்று தேவை.